இரத்தத்தில் இருப்பதும் கைக்கு வருவதும்

எண்களுக்கு ஒரு தனி அதிகாரம் உண்டு. "சற்று இளைத்துவிட்டாயே!" என்று நண்பன் சொன்னால் சிரித்துவிட்டு நடக்கிறோம். அதையே எடை பார்க்கும் இயந்திரம் ஒரு சீட்டில் அச்சடித்துக் கொடுத்தால் மனம் அதையே சுற்றி வருகிறது. நாம் மதிப்பெண்ணுக்கு அஞ்சி வளர்ந்த கூட்டம். 35-க்கு ஒன்று குறைந்தாலும் சிவப்புக் கோடு விழும் என்பது பள்ளியிலேயே நம் நெஞ்சில் பதிந்துவிட்டது. அதனால்தான் மருத்துவப் பரிசோதனைத் தாளில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் 'குறைவு' என்று தடித்த எழுத்தில் கண்டால், அதை ஒரு நோயின் பெயராகவே படித்துவிடுகிறோம்.

அப்படி நம்மை அச்சுறுத்தும் எண்களில் முதலிடம் பெறத்தக்கது டெஸ்டாஸ்டெரோன் என்னும் ஹார்மோனின் அளவு. சர்க்கரை ஏறினால் அம்மாவிடம் சொல்லலாம். கொழுப்பு ஏறினால் நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்கலாம். இது குறைந்தால் யாரிடம் சொல்வது? சென்னையிலிருந்து காசி வரும் இரயிலில் இரண்டு இரவுகளைக் கழித்தவர்கள் வழிநெடுகச் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். மொழி மாறும், எழுத்து மாறும், சுவரில் உள்ள விளம்பரம் மட்டும் மாறாது. 'ஆண்மைக் குறைவா? அணுகுங்கள்!' என்பதை நான் ஊரில் தமிழில் படித்தேன். இங்கே இந்தியில் படிக்கிறேன். பாரத ஒற்றுமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்த விளம்பரங்கள் பிழைப்பது ஆண்களின் அச்சத்தால் என்பதை எண்ணினால் வேடிக்கை மறைந்துவிடும். இன்று அந்தச் சுவரின் இடத்தைப் பளபளப்பான அறிக்கைத் தாள் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நான் உயிர் வேதியியல் முதுகலை மாணவன், வயது 23. மருத்துவன் அல்லன். ஆயினும் புரதங்களும் அவை பற்றிக்கொள்ளும் பொருள்களுமே என் பாடம். அந்தப் பாடம் சென்ற கார்த்திகை மாதத்தில் புத்தகத்தை விட்டு வெளியே வந்து என் எதிரே உட்கார்ந்தது. அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

நம் விடுதியில் ஓர் அண்ணன் இருக்கிறார். கும்பகோணம் பக்கத்துக்காரர், பொருளாதாரத்தில் ஆராய்ச்சி மாணவர், வயது 29. பெயர் வேண்டாம், அவருடைய இசைவு பெற்றே இதை எழுதுகிறேன். இவ்வூர் வந்த ஐந்தாண்டுகளில் காலையில் கச்சோரியும் ஜிலேபியும், மாலையில் மண் குவளையில் லஸ்ஸியுமாக அவர் வாழ்ந்ததை நாம் எல்லோரும் அறிவோம். உடம்பு பெருத்தது. அவர் தந்தைக்கோ நெடுநாளாகச் சர்க்கரை நோய். தை மாதத்தில் அண்ணனுக்குத் திருமணம் என்று முடிவாகியிருந்தது. பகலில் சோர்வும் தூக்கமுமாக இருக்கிறதே என்று, திருமணத்துக்கு முன் ஒரு முறை முழு உடற் பரிசோதனை செய்துகொள்ளலாம் என நினைத்தார். சலுகை விலையில் அறுபது எழுபது சோதனைகளை ஒன்றாகக் கட்டி விற்கிறார்கள் அல்லவா? அப்படி ஒன்றை ஏற்பாடு செய்தார். மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு ஒரு பையன் வந்து இரத்தம் எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் கைபேசிக்கு அறிக்கை வந்தது. டெஸ்டாஸ்டெரோன் 260, இருக்க வேண்டிய அளவு 300 முதல் 1000 வரை. அதாவது 100 மில்லிலிட்டரில் இத்தனை நானோகிராம் என்ற கணக்கு. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய பொருள் ஒரு மனிதரை எவ்வளவு சிறியவராக்கிவிடும் என்பதை அன்று கண்டேன். அதை எடுத்துக்கொண்டு ஊருக்குள் ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்குப் போனார். அங்கே தாளைப் பார்த்த மாத்திரத்தில், "மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, ஆறு மாதம் போட்டால் சரியாகும்" என்று சொல்லி, முன்பணமும் கேட்டிருக்கிறார்கள். இரவு என் அறைக்கு வந்தார்.

"தம்பி, நாளைக்கு முதல் ஊசி. அதுக்கு முன்னாடி ஊருக்குப் போன் போட்டு, கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிடலாமான்னு பார்க்கிறேன்."

"அண்ணே, எதுக்கு?"

"ஒரு பொண்ணு வாழ்க்கையைக் கெடுக்கக் கூடாதில்ல?"

அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். மொத்த அளவு இருந்தது. அந்த மொத்தத்தில் எவ்வளவு உடம்பின் கைக்கு வருகிறது என்று சொல்லக்கூடிய வரி மட்டும் அறுபது எழுபது சோதனைகளில் எங்கும் இல்லை.

அது என்ன வரி? விளக்குகிறேன்.

டெஸ்டாஸ்டெரோன் கொழுப்பினத்தைச் சார்ந்த பொருள். தண்ணீரில் எளிதில் கரையாது. இரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். ஆகவே அதில் பெரும்பகுதி புரதங்களின் தோளில் ஏறியே பிரயாணம் செய்கிறது. தோள் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் கல்லீரல் செய்து அனுப்பும் 'பால் ஹார்மோன் பிணைக்கும் குளோபுலின்'. ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி எஸ்.எச்.பி.ஜி. என்பார்கள். 1960-களின் நடுவில் கண்டறியப்பட்டது. மற்றவர் நமக்கு நன்கு பழக்கமான அல்புமின். இவருக்கும் பிறப்பிடம் கல்லீரலே. ஆரோக்கியமான ஆணின் இரத்தத்தில் டெஸ்டாஸ்டெரோன் நூற்றுக்கு ஏறக்குறைய 44 பங்கு முதலாமவரிடமும், 50 பங்கு இரண்டாமவரிடமும் இருக்கும். வேறு ஒரு புரதத்திடம் சிறிது இருக்கும். யார் பிடியிலும் சிக்காமல் தனியே திரிவது ஏறக்குறைய 2 பங்குதான்.

இதில் ஒரு விந்தை உண்டு. எண்ணிக்கையில் அல்புமின் எஸ்.எச்.பி.ஜி.யைப் போலப் பல ஆயிரம் மடங்கு. பிடிப்பின் வலிமையிலோ எஸ்.எச்.பி.ஜி. அல்புமினைப் போலப் பல ஆயிரம் மடங்கு. ஒருவருக்குக் கை அதிகம். மற்றவருக்குப் பிடி இறுக்கம். அதனால் இருவர் பங்கும் ஏறத்தாழச் சமமாகி நிற்கிறது.

நம் வீட்டு வழக்கிலே சொல்வதானால், எஸ்.எச்.பி.ஜி. என்பது அடகுக் கடை. அங்கே போன நகை உங்களுடையதுதான். ஆனால் நாளைக் காலைக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள முடியாது. அல்புமின் என்பது பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றாகக் கொடுத்த நகை. கேட்டால் உடனே வந்துவிடும். தனியே திரியும் 2 பங்குதான் கழுத்தில் கிடப்பது. உயிரணுவுக்குள் புகுந்து வேலை செய்வது பெரும்பாலும் கழுத்தில் கிடப்பதும், கேட்டவுடன் வருவதுமே. ஆனால் சாதாரணப் பரிசோதனைத் தாள் மூன்றையும் கூட்டி, 'மொத்த நகை இத்தனை சவரன்' என்று ஒரே எண்ணாக எழுதிவிடுகிறது.

அடகுக் கடை எல்லாருக்கும் ஒரே அளவில் இருந்தால் இந்த மொத்தக் கணக்கு போதும். அப்படி இல்லை என்பதுதான் சிக்கல். உடல் பருத்தவர்களுக்கும், இன்சுலினுக்கு உடம்பு சரிவரச் செவிசாய்க்காதவர்களுக்கும், ஈரலில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கும், தைராய்டு மந்தமானவர்களுக்கும், சிறுநீரில் புரதம் ஏராளமாக வெளியேறும் நோய் உள்ளவர்களுக்கும் எஸ்.எச்.பி.ஜி. குறையும். வயது ஏற ஏறவும், தைராய்டு மிகைப்பட்டாலும், ஈரல் சுருக்க நோயிலும், வலிப்புக்குத் தரும் சில மருந்துகளாலும், ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளாலும் அது கூடும்.

இனி, அது குறைந்தால் என்ன நடக்கிறது? மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பிதான் விந்தகங்களுக்கு ஆணையிடுகிறது. அந்த ஆணையைக் கூட்டவும் குறைக்கவும் மூளை கவனிப்பது கட்டுண்ட ஹார்மோனை அன்று, கட்டற்ற ஹார்மோனையே. அடகுக் கடை சிறுத்துவிட்டால் அங்கே முடங்கும் நகையும் குறைவு. ஆகவே கழுத்தில் வேண்டிய அளவு இருக்க, மொத்தத்தில் குறைந்த நகையே போதுமானதாகிவிடுகிறது. உடம்பு தன் கணக்கைச் சரியாகத்தான் வைத்திருக்கிறது. தாளில் மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது வறுமையாகத் தெரிகிறது!

அன்றிரவு அண்ணனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "அண்ணே, இந்தச் சோதனை முழுசா இல்லை. மதியம் சாப்பிட்ட பிறகு எடுத்த இரத்தம் வேறு. ஊசி போடறதுக்கு முன்னாடி ஹார்மோன் மருத்துவரைப் பார்த்துடுவோம்" என்று மட்டும் சொன்னேன். டெஸ்டாஸ்டெரோன் அதிகாலையில் உயர்ந்தும் பிற்பகலில் தாழ்ந்தும் இருக்கும். சாப்பிட்டவுடனும் சற்றுத் தாழும். அதனால்தான் வெறும் வயிற்றில், காலையில், இரண்டு வெவ்வேறு நாட்களில் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் கழகம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. மொத்த அளவு எல்லைக்கு அருகில் இருந்தாலோ, எஸ்.எச்.பி.ஜி. மாறியிருக்கக் கூடியவர் என்றாலோ, கட்டற்ற அளவையும் காண வேண்டும் என்பதும் அதே வழிகாட்டியில் இருக்கிறது.

மருத்துவமனையில் நீண்ட வரிசை. ஒன்பதரை மணிக்கு நின்றவர்கள் ஒரு மணிக்கு உள்ளே போனோம். அந்த டாக்டர் தாளைப் பிறகுதான் பார்த்தார். முதலில் அண்ணனைப் பார்த்தார். தனியே கேட்க வேண்டியவற்றை என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார். அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றாராம். பிறகு காலை இரத்தத்தில் இரண்டு முறை டெஸ்டாஸ்டெரோன், கூடவே எஸ்.எச்.பி.ஜி., அல்புமின், பிட்யூட்டரியின் ஆணையான எல்.எச்., மூன்று மாதச் சர்க்கரை என்று எழுதிக் கொடுத்தார்.

முடிவுகள் வந்தன. டெஸ்டாஸ்டெரோன் ஒரு நாள் 280, மறுமுறை 290. இன்னும் 300-க்குக் கீழேதான். ஆனால் எஸ்.எச்.பி.ஜி. லிட்டருக்கு 11 நானோமோல். கீழ் எல்லையையும் தாண்டித் தாழ்ந்திருந்தது. அல்புமின் 4.3. பிட்யூட்டரியின் ஆணை இயல்பான அளவில் இருந்தது. விந்தகம் வேலை செய்யாவிட்டால் அது உரக்கக் கூவியிருக்கும்.

இந்த எண்களைக் கொண்டு கட்டற்ற அளவைக் கணக்கிட ஒரு வழி உண்டு. வெர்மியூலன் என்னும் பெல்ஜிய நாட்டு அறிஞரும் அவர் குழுவினரும் 1999-இல் வெளியிட்ட சூத்திரம் அது. புரதங்களின் பிடிப்பு வலிமையை வைத்து எழுதிய ஒரு சாதாரண இருபடிச் சமன்பாடுதான். நம் விடுதியில் பி.எஸ்ஸி. படிக்கும் தம்பிகளும் போடலாம். 280-க்குப் போட்டுப் பார்த்தேன். கட்டற்ற டெஸ்டாஸ்டெரோன் 8.8 நானோகிராம் என்று வந்தது. பலரும் கொள்ளும் கீழ் எல்லை 6.5 அளவில் இருக்கிறது. அண்ணன் கழுத்தில் நகைக்குக் குறைவில்லை!

விட மனமில்லாமல் இன்னும் இரண்டு கணக்குகள் போட்டேன். அதே 280, அதே அல்புமின், எஸ்.எச்.பி.ஜி. மட்டும் 50 என்று வைத்தால், கட்டற்ற அளவு 4.2-க்கு இறங்கிவிடுகிறது. மொத்தம் 520, எஸ்.எச்.பி.ஜி. 90 உள்ள ஒருவரைக் கற்பனை செய்தேன். அவர் தாளில் 'குறைவு' என்ற சொல்லே இராது; மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவார். ஆனால் அவருடைய கட்டற்ற அளவு 5.2தான். 280 உள்ளவரைவிட 520 உள்ளவர் ஏழை! ஒரே எண் இருவரிடம் இரண்டு பொருள் தருகிறது. பெரிய எண் சிறிய பொருளையும் தருகிறது. இதை வகுப்பில் எத்தனையோ முறை வரைபடமாக வரைந்திருக்கிறேன். ஒரு மனிதரின் திருமணம் அதன்மேல் நின்றபோதுதான் அந்த வரைபடத்தின் கனம் தெரிந்தது.

ஊசியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து டெஸ்டாஸ்டெரோனைப் போட்டால், 'வேண்டிய மட்டும் இருக்கிறது' என்று பிட்யூட்டரி ஆணையை நிறுத்திவிடும். விந்தகம் ஓய்வெடுக்கும், உயிர்விந்தணு உற்பத்தியும் சரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 1990-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டாஸ்டெரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்தார்கள். அது பலன் தந்தது. அண்ணனுக்குச் சொன்ன அளவு அதைவிடக் குறைவாக இருக்கலாம், பாதை அதுவேதான். நிறுத்தினால் பெரும்பாலோர்க்கு மீளும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும். தையில் மணமுடித்துக் குழந்தைக்கு ஆசைப்படும் ஒருவருக்கு, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் முன்பணம் கேட்டார்களே என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். உண்மையாகவே ஹார்மோன் குறைந்தவர்களுக்கு இந்த ஊசி நல்ல மருந்து, அதில் ஐயமில்லை. மருந்தின்மேல் எனக்குக் குறையில்லை. ஆளைப் பார்க்காமல் எண்ணுக்கு மருந்து கொடுப்பதில்தான் குறை.

அப்படியானால் அண்ணனுக்கு ஒன்றுமே இல்லையா? இருந்தது. மூன்று மாதச் சர்க்கரை 6.1. நீரிழிவு அன்று, அதன் வாசற்படி. இன்சுலின் சரிவர வேலை செய்யாமல், ஈரலில் கொழுப்பு சேரும்போது எஸ்.எச்.பி.ஜி. குறைகிறது. அந்தப் புரதம் குறைந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்று 2009-இல் வெளியான ஒரு பேராய்வு ஆண் பெண் இருபாலாரிடமும் காட்டியிருக்கிறது. மொத்த எண்ணைத் தாழ்த்தியதும் அந்தக் குறைவே. நோயின் வாசலைச் சுட்டிக் காட்டியதும் அதுவே. ஊசி போட்டிருந்தால் தாளில் எண் ஏறியிருக்கும். வாசற்படியில் நின்றவர் உள்ளே போயிருப்பார். டாக்டர் சொன்ன மருந்து நடையும் உணவுக் கட்டுப்பாடும். "எடை இன்னும் ஏறினால் கட்டற்ற அளவும் உண்மையாகவே குறையும், இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றும் எச்சரித்தார்.

இது ஆண்களின் பாடு என்று சகோதரிகள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். சினைப்பையில் நீர்க்கட்டிகள் என்று சொல்லப்படும் கோளாறில் கதை தலைகீழாக நடக்கிறது. அங்கும் இன்சுலின் மிகையால் எஸ்.எச்.பி.ஜி. குறையும். பெண்களுக்கு டெஸ்டாஸ்டெரோன் இயல்பிலேயே மிகச் சிறிய அளவு. மொத்தம் 'சரியாக இருக்கிறது' என்று தாள் சொல்லும். கட்டற்ற பகுதியோ மிகுந்திருக்கும். முகத்தில் முடி, ஓயாத பரு, மாதவிலக்கு தள்ளிப்போதல் என்று அவதிப்படும் பெண்ணிடம், "உனக்கு ஒன்றுமில்லை, மனப்பிரமை" என்று சொல்லி அனுப்பினால் அது எவ்வளவு பெரிய அநீதி! ஆணை வீணாக அச்சுறுத்தும் அதே மொத்தக் கணக்கு, பெண்ணுக்கு வீணாக ஆறுதல் சொல்லுகிறது.

'கட்டற்ற அளவை நேராகவே அளந்துவிடலாமே?' என்று கேட்பீர்கள். அளக்கலாம். நுண்துளைப் படலத்தால் ஆன பையில் இரத்தத் தெளிநீரை இட்டு உப்புக் கரைசலில் வைத்தால், பெரிய புரதங்கள் பைக்குள்ளேயே நிற்கும். கட்டற்ற ஹார்மோன் மட்டும் வெளியே வந்து இருபுறமும் சமமாகும். வெளியே உள்ளதை அளந்தால் போதும். சமநிலை டயாலிசிஸ் என்பது இதுவே. எங்கள் ஆய்வகக் குளிர் அறையில் வேறு புரதங்களுக்கு இதைத்தான் செய்து பழகுகிறோம். நேரமும் செலவும் பிடிக்கும் வேலை. ஆகவே மலிவான நேரடிச் சோதனைகள் அதே பெயரில் உலவுகின்றன. அவற்றை நம்ப வேண்டாம் என்பதே வல்லுநர்களின் கருத்து. நம்பத்தக்க மொத்த அளவும், எஸ்.எச்.பி.ஜி.யும், அல்புமினும் இருந்தால் சூத்திரமே மேல். அதுவும் ஒரு மதிப்பீடுதான். இறுதித் தீர்ப்பு ஆளைப் பார்க்கும் மருத்துவருடையது.

நண்பர்களே! ஊரில் இருந்தால், ஒரு தாள் வந்தால் காட்டுவதற்கு மாமா இருப்பார். மாமாவுக்குத் தெரிந்த ஒரு கம்பவுண்டராவது இருப்பார். இங்கே அறிக்கை நள்ளிரவில் கைபேசிக்கு வருகிறது. அறையில் தனியே படிக்கிறோம். மொழி தெரியாத ஊரில், சொல்ல வெட்கப்படும் விஷயத்தை, விற்கக் காத்திருப்பவனிடமே முதலில் சொல்லுகிறோம். அண்ணன் அன்றிரவு என் அறைக்கு வராமல், நேரே ஊருக்குப் போன் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது எனக்கு நடுக்கம் வருகிறது. நம் சங்கம் பொங்கலுக்குக் கூடுகிறது, பட்டிமன்றத்துக்குக் கூடுகிறது. மருத்துவம் பயிலும் மூத்தவர்கள் சிலரும் நம்மிடையே இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு மாலை, இத்தகைய தாள்களைக் கொண்டுவந்து, 'இதற்கு யாரைப் பார்க்கலாம்?' என்று கூச்சமின்றிக் கேட்க ஓர் இடம் ஏற்படுத்தினால் என்ன? மருந்து சொல்ல வேண்டாம். வழி சொன்னால் போதும்.

அதுவரை மூன்று கேள்விகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரத்தம் காலையில் வெறும் வயிற்றில் எடுத்ததா? ஒரு முறைதானா, இரண்டு முறையா? மொத்தம் மட்டுமா, அல்லது தோள் கொடுக்கும் புரதத்தையும் பார்த்தார்களா? இவற்றுக்கு விடை இல்லாத தாளுக்காக ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டாம். உறக்கத்தையும் இழக்க வேண்டாம்.

அண்ணன் திருமணம் தையில் குறித்த நாளில் நடந்தது. நம்மில் ஒன்பது பேர் போய் வந்தோம். இப்போது அவர் விடியற்காலையில் பல்கலைக் கழக வாயிலிலிருந்து விசுவநாதர் கோயில் வரை வேக நடை போடுகிறார். ஆறு கிலோ குறைந்திருக்கிறார். துணைக்கு வருகிறவர்களை வரவேற்கிறார்; ஒரே நிபந்தனை, திரும்பும் வழியில் கச்சோரிக் கடைப் பக்கம் யாரும் பார்வையைத் திருப்பக் கூடாதாம்.